இடைப்படங்கள்

ஹாலிஃபாக்ஸிலிருந்து வந்த முதல் படத்துக்கு எண் ஒன்று.
அடுத்து வந்ததற்கு ஒன்பது.
இரண்டிலிருந்து எட்டு வரை நாங்கள் போட வேண்டும்,
தண்டையார்பேட்டையில்,
பிரேக் லைனிங் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில்,
படத்துக்குப் பதினோரு ரூபாய்.

இந்த முறை கரடி இல்லை, பேசும் கெட்டில் இல்லை.
கம்பெனிக்கு நாற்பது வயதாம்.
தன் கதையைத் தானே
மூன்று நிமிஷத்தில் சொல்லிக்கொள்ளப் போகிறதாம்.
"அவங்க கல்யாண ஆல்பத்த நாம ஒட்டணும்" என்றான்
எத்திராஜுலு, பென்சில் சீவியபடி.

ஒன்றில், துறைமுகத்தை ஒட்டி
மீனுக்குப் புகை போடுகிற கொட்டகை.
மேசை. அதன்மேல் குனிந்து ஹியூ என்பவர், தலை நிறைய முடி.
பக்கத்தில் ஐரீன், மைக்கூட்டோடு.
கொட்டகையை எங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.
காசிமேட்டில் அதன் அண்ணன் தம்பிகள் ஏழெட்டு நிற்கின்றன.
ஜரீனா தகரக் கூரையில் ஓர் ஓட்டை போட்டாள், யாரும் கேட்காமலே.
கனடா ஒப்புக்கொண்டது.

ஒன்பதில் அதே ஹியூ,
கையில் ஏதோ விருது, தலையில் ஒரு முடி இல்லை.
எந்த வருஷம் கொட்டியது என்று யாரும் எழுதி அனுப்பவில்லை.
நான்காவது படத்தில் நான் ஆரம்பித்து வைத்தேன்.
தனக்கு வழுக்கை விழுந்த நாளைக்
கொருக்குப்பேட்டைக்காரி ஒருத்தி முடிவு செய்தது
அந்த மனுஷருக்குத் தெரியாது.

ஒன்பதில் ஐரீன் இல்லை.

தாள் ஒட்டிக்கொண்டு விட்டதோ என்று
விளக்கு மேசையில் வைத்துப் பார்த்தேன்.
மேசை இருக்கிறது, மைக்கூடு இருக்கிறது.
சத்தியசீலன் சார் கடிதம் போட்டார்:
இறந்துவிட்டார் என்றால் மங்கலாக்கவா?
கோபம் என்றால் கதவை எப்படிச் சாத்த?
மறுநாள் ஒரே வரி:
இடப்பக்கம் திரும்பி வெளியேறட்டும்.

ஏழு தாளில் ஒருத்தியை வெளியே அனுப்ப வேண்டும்.
இரண்டில் மைக்கூட்டைக் கீழே வைத்தாள்.
மூன்றில் கையைப் பாவாடையில் துடைத்தாள்.
ஆறாவது போடும்போது ராத்திரி ரெண்டு மணி இருக்கும்.
மணலிப் பக்கத்துக் காற்று, அழுகின முட்டை வாசம்;
ஜன்னலைச் சாத்தினாலோ வேர்வை தாளில் சொட்டும்.
எனக்கென்னமோ
ஒரு தரமாவது பார்க்காமல் போயிருக்க மாட்டாள் என்று பட்டது.
தலையை லேசாகத் திருப்பினேன். அவ்வளவுதான்.

எங்களுக்கும் அந்தக் கதையில் இரண்டு வினாடி உண்டு.
உலக வரைபடத்தில் ஒரு விமானம் கோடு இழுத்தபடி
கிழக்கே வந்து எங்கேயோ இறங்கும். ஊர்ப்பெயர் கிடையாது.
அதை எத்திராஜுலு போட்டான், நாற்பத்தெட்டு படம்.
ஷேர் ஆட்டோ மாதிரி சக்கரம் குலுங்கும்.

திருத்தம் வந்தது, சிவப்பில்:
ஆறு, தலை நேராக.
அதன் கீழே: பனி பெய்யும் இரவு பிரமாதம், எப்படிச் செய்தீர்கள்?
யாரும் ஒன்றும் செய்யவில்லை.
எண்ணூர்ச் சாம்பல் ஸ்கேனர் கண்ணாடியில் உட்கார்ந்துவிட்டது,
துடைக்கிற ஆனந்தவல்லி அக்கா அன்றைக்கு லீவு.
'தனி நுட்பம்' என்று பதில் போட்டார் சார்.

ஆறில் தலையை நேராக்கிக் கொடுத்தேன்.
ஐந்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நானும் தொடவில்லை.
ஐந்தில் தலை நேராகத்தான் இருக்கிறது.
தோள் மட்டும் கொஞ்சம் தயங்கும்,
வினாடியில் இருபத்துநாலில் ஒரு பங்கு.

விடிந்து வீட்டுக்குப் போனால்
கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடக்கிறது.
எண்ணெய் டேங்கர்கள், ஒன்றன்பின் ஒன்று,
போவதா நிற்பதா என்று யோசித்தபடி.
அங்கே இடப்பக்கம் என்றால் ஊரா, கடலா?
கேட்டிருக்கலாம்.
பின்னால் ஓர் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்,
அடித்தால் ரயில் நகரும் என்பது போல.